மூன்றாவது சாவி

பூட்டு என்ற சாமானை முதலில் செய்தவன் எவனோ, அவன் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்திருக்கிறான். உலகத்திலுள்ள மனிதர்களைப் பூட்டு இரண்டே சாதியாகப் பிரிக்கவேண்டும்: சாவி உள்ளவன், சாவி இல்லாதவன். முன்னவனுக்குத் திறக்கவேண்டும், பின்னவனுக்குத் திறக்கக்கூடாது. திண்டுக்கல் பூட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தர்மத்தைத்தான் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். 2019-ம் ஆண்டில் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்துச் சர்க்கார் கௌரவித்தது. அந்தப் பூட்டை விற்ற ஆசாரி, பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். "இன்னொரு சாவி என் பட்டறையில் இருக்கிறது, உங்கள் வீட்டுக் கதவு திறக்காதபோது என்னிடம் வாருங்கள்" என்று அவர் சொல்லியிருந்தால், நம் பாட்டனார் அவரை என்ன செய்திருப்பார் என்று நான் எழுதவேண்டியதில்லை.

பாட்டனார் பொறுத்திருக்கமாட்டாத அந்தக் காரியத்தை நாம் இன்று பொறுத்துக்கொண்டிருக்கிறோம். பொறுப்பதோடு நில்லாமல் அதற்கு அதிகப் பணமும் கொடுக்கிறோம். மோட்டார் காரின் ஸ்டியரிங்கைப் பூட்டுகிற பூட்டைப் பற்றித்தான் சொல்கிறேன். "இதென்ன, கதை எழுதுகிறவருக்கு மோட்டார் கார்ப் பூட்டில் என்ன வேலை?" என்று சில வாசகர்கள் நினைக்கலாம். யந்திரம் மனிதனைச் சந்தேகப்படத் தொடங்கிவிட்ட பிறகு அது யந்திரசாலைக்காரர்களின் விஷயமாக மட்டும் இருக்கமுடியாது.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் பூட்டு கெட்ட எண்ணத்தோடு பிறந்ததல்ல. கார்த் திருட்டு பெருகியபோது, எஞ்சினைக் கம்பி போட்டுக் கிளப்பினாலும் வண்டியைத் திருப்பமுடியாமல் செய்துவிட்டால் திருடன் என்ன செய்வான் என்று யோசித்தார்கள். சக்கரத்தைத் திருப்பும் தண்டில் ஒரு பள்ளம். அதில் போய் விழ ஓர் இரும்புத் தாழ்ப்பாள். அவ்வளவுதான் சங்கதி. மேற்கு ஜெர்மனி 1961-ம் ஆண்டிலேயே இதைக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1970-ம் ஆண்டிலிருந்து திருட்டுத் தடுப்பு விதி ஒன்று வந்தது. அந்த விதியின் வாசகத்தைக் கவனிக்கவேண்டும். சாவியை எடுத்தபின் வண்டி திரும்பக்கூடாது, *அல்லது* தன் சக்தியால் முன்னே நகரக்கூடாது; இரண்டில் ஒன்று போதும் என்றுதான் அது சொல்லுகிறது. இந்த 'அல்லது' என்ற சிறு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

பழைய பூட்டு நல்ல பூட்டு. மாருதி 800 ஓட்டியவர்கள் எல்லோருக்கும் அதனோடு பழக்கம் உண்டு. சக்கரம் ஒரு பக்கமாக இறுகி நின்றால் சாவி திரும்பாது. இடது கையால் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே வலது கையால் சாவியைத் திருப்பினால் 'டக்'கென்று விடுபடும். இதைக் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. மாமனார் மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார். பூட்டுக்கும் கைக்கும் நடுவே வேறு யாரும் இல்லை.

பிறகு நாகரிகம் முற்றியது. சாவியைத் துவாரத்தில் நுழைத்துத் திருப்புவது பெரிய கஷ்டம் என்று யாரோ முடிவு செய்தார்கள். சாவி சட்டைப் பையிலேயே இருக்கும். பித்தானை அழுத்தினால் போதும் என்றார்கள். சாவி திரும்பவில்லையென்றால் தாழ்ப்பாளை யார் இழுப்பது? அதற்கு ஒரு சின்ன மின்சார மோட்டார். மோட்டார் இழுத்ததா இல்லையா என்று யார் பார்ப்பது? அதற்குக் கடுகு போன்ற சிறு ஸ்விட்சுகள். அந்த ஸ்விட்சுகள் யாரிடம் சொல்வது? அதற்கு ஒரு கம்ப்யூட்டர். ஒரு விரல் செய்த வேலையைச் செய்ய ஒரு காரியாலயமே ஏற்பட்டுவிட்டது!

காரியாலயம் என்றால் குமாஸ்தா உண்டல்லவா? இந்தக் கம்ப்யூட்டர் குமாஸ்தாவின் சுபாவத்தைக் கேளுங்கள். தாழ்ப்பாள் திறந்துவிட்டது என்று ஸ்விட்சு தகவல் அனுப்பினால்தான் அது எஞ்சினைக் கிளப்ப அனுமதிக்கும். தாழ்ப்பாள் வாஸ்தவமாகவே திறந்திருக்கலாம். நீங்கள் ஸ்டியரிங்கைத் தாராளமாகத் திருப்பிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஸ்விட்சின் முனை தேய்ந்து தகவல் வராவிட்டால், "திறந்ததாக எழுத்து மூலம் அறிவிப்பு வரவில்லை" என்று சொல்லிக் குமாஸ்தா கையை விரித்துவிடும். சாவி உங்கள் பையில் இருக்கிறது. அது அசல் சாவி என்று அதே கம்ப்யூட்டர் சற்று முன்னர் ஒப்புக்கொண்டும் இருக்கிறது. இருந்தும் நீங்கள் வெளியே நிற்கவேண்டியதுதான்.

இது கற்பனையல்ல. சென்னையில் பல் வைத்தியராக இருக்கும் என் நண்பர் ஒருவர் அயல்நாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செகண்ட்ஹாண்டாக வாங்கியிருக்கிறார். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு பலாப்பழம் வைக்க இடமில்லை. அதில் நாங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போனோம். மரக்காணத்து உப்பளங்களின் வெள்ளைக் குவியல்களைத் தாண்டி, பொம்மையார்பாளையத்தில் தேநீருக்காக நிறுத்தினோம். கடல் கரையைத் தின்றுகொண்டிருக்கும் ஊர் அது. தெற்கே புதுச்சேரித் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பிய பிறகு வடக்கே மணல் வந்து சேர்வது குறைந்துபோய், மீனவர்களின் வீடுகள்வரை அலை வந்துவிட்டது. அதையும் பார்த்துவிட்டு வந்து நண்பர் பித்தானை அழுத்தினார். மஞ்சள் நிறத்தில் ஒரு சாவிப் படம் எரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. ஸ்டியரிங் கல் மாதிரி நின்றது.

கம்பெனியின் ஒர்க்ஷாப்புக்கு டெலிபோன் செய்தார். மிகவும் மரியாதையான குரல் ஒன்று, "வண்டியைத் தயவுசெய்து யாரும் தொடவேண்டாம். சென்னையிலிருந்து லாரி அனுப்புகிறோம், நாளை மாலைக்குள் வந்துவிடும்" என்றது.

தேநீர்க் கடைக்காரர், பக்கத்தில் படகு மோட்டாரும் மோட்டார் சைக்கிளும் ரிப்பேர் செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு விட்டார். நாற்பது வயதிருக்கும். கைலியில் கிரீஸ். இந்த ஜாதி வண்டியை அவர் முன்பின் தொட்டதில்லை என்பது அவர் அதைச் சுற்றிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விகள் தெரியாதவர் கேட்பவையல்ல. "ஹாரன் அடிங்க சார். விளக்கைப் போடுங்க" என்றார். ஹாரன் கொஞ்சம் கம்மலாக அடித்தது. "பாட்டரி சோர்ந்துபோயிருக்குது. எஞ்சினைச் சுத்தாட்டியும் பரவாயில்லை, இந்தச் சின்ன மோட்டாருக்கே பத்தாது" என்று சொல்லி, ஒரு வேனை நிறுத்தி அதன் பாட்டரியிலிருந்து கம்பி இழுத்தார். ஹாரன் தெளிந்தது, பூட்டு திறக்கவில்லை. சாவிக்குள்ளிருக்கும் வில்லைப் பாட்டரி தீர்ந்திருக்குமோ என்று, சாவியையே பித்தானோடு ஒட்டி வைத்து அழுத்தச் சொன்னார். இல்லை. ஸ்டியரிங்கை இருபுறமும் அசைத்துக்கொண்டே அழுத்தச் சொன்னார். தாழ்ப்பாள் பள்ளத்தில் நெருக்கிக்கொண்டிருந்தால் அதில் விடும். அதற்கும் இல்லை.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. தலையை உள்ளே விட்டு, ஸ்டியரிங் தண்டின் மேல் காதை வைத்துக்கொண்டு, "இப்ப அழுத்துங்க" என்றார். மார்பில் குழாய் வைத்துப் பார்க்கும் டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். "மோட்டார் சாகலை சார். லேசா முனகுது. ஃபியூஸ் சரியாத்தான் இருக்கும். உள்ளே ஒட்டிக்கிட்டிருக்குது" என்றார். சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, மரப்பிடியால் அந்தப் பெட்டியின் மேல் இரண்டு தட்டு, பலமாக அல்ல, தூங்குகிற குழந்தையை எழுப்புகிற மாதிரி. "அழுத்துங்க." 'கிர்'ரென்று ஒரு சப்தம், மஞ்சள் விளக்கு அணைந்தது, எஞ்சின் உறுமியது.

நண்பர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை அடியோடு சரிசெய்துவிட முடியுமா?" என்று கேட்டார். அவர் சொன்ன பதிலை நான் அப்படியே தருகிறேன்: "கழட்டி, சுத்தம் பண்ணி, முனையைத் தேய்ச்சுக் கொடுத்தா ஓடும் சார். உப்புக் காத்துல இதெல்லாம் எங்களுக்குத் தினமும் பார்க்கற வேலைதான். ஆனா கழட்டினா திரும்ப மாட்டறதுக்குக் கம்பெனி கம்ப்யூட்டர் வேணும். அதை எங்களுக்குத் தரமாட்டாங்க."

அவருக்குத் தெரியாதது எதுவும் அந்தப் பூட்டில் இல்லை. அவருக்குத் *தரப்படாதது* ஒன்று இருந்தது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

சென்னை ஒர்க்ஷாப்பில் என்ன சொன்னார்கள்? பூட்டைப் பிரிப்பதில்லையாம், முழுதாக மாற்றவேண்டுமாம். புதுப் பூட்டை வண்டியின் கம்ப்யூட்டருக்கு 'அறிமுகம்' செய்துவைக்கவேண்டுமாம். பூட்டும் அறிமுகமும் சேர்ந்து ஒரு நல்ல ஸ்கூட்டரின் விலை. கெட்டுப்போனதோ, பொம்மையார்பாளையத்தில் இரண்டு தட்டில் உயிர்பெற்ற ஒரு பொட்டு மோட்டார்!

என் எதிர்க்கட்சிக்காரர்கள் மூன்று வாதங்களை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: "ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற சீமான் அழுதால் நமக்கென்ன? பஸ்ஸில் தொங்குகிறவனுக்கு இது ஒரு துக்கமா?" கேட்பதற்கு ஏழை பங்காளப் பேச்சு மாதிரி இருக்கிறது. ஆனால் யந்திர உலகத்தில் சீமான் வீட்டுக்கு முதலில் வந்த வழக்கம் எது நம் வீட்டுக்கு வராமல் நின்றிருக்கிறது? பித்தானை அழுத்திக் கிளப்பும் வித்தை இன்று குமாஸ்தாவும் உபாத்தியாயரும் கடன் போட்டு வாங்கும் கார்களுக்கு வந்துவிட்டது, ஸ்கூட்டருக்கும் வந்துவிட்டது. பணக்காரனுக்குப் பூட்டு திறக்காவிட்டால் அவனுக்கு ஒரு சாயங்காலம் கெடுகிறது. வாடகை வண்டி ஓட்டுகிறவனுக்குத் திறக்காவிட்டால் ஒரு மாதத் தவணை கெடுகிறது. சீமானின் கார் நமக்கு நாளை வரப்போவதைக் காட்டும் கண்ணாடி. அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

இரண்டாவது வாதம்: "திருடனுக்குப் பயந்துதானே இவ்வளவும்?" திருடனை இன்று தடுப்பது இந்தத் தாழ்ப்பாள் அல்ல. சாவிக்குள் இருக்கும் சில்லு சரியான ரகசிய எண்ணைச் சொன்னாலொழிய எஞ்சின் கிளம்பாத ஏற்பாடு இருக்கிறதே, அதுதான். அதை நான் எடுக்கச் சொல்லவில்லை. பிரிட்டன் 1998-ம் ஆண்டிலும், கனடா 2007-ம் ஆண்டிலும் புதுக் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கின. எஞ்சினே கிளம்பாத வண்டியில் ஸ்டியரிங்கும் பூட்டியிருக்கவேண்டுமா? அமெரிக்க விதியிலுள்ள அந்த 'அல்லது' என்ற சொல்லை இப்போது எடுத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று போதும் என்று விதி செய்தவர்களே சொல்லிவிட்டார்கள்.

இதை நன்றாக அறிந்தவர்கள் கார் செய்கிறவர்கள்தாம். அமெரிக்காவின் பெருமைக்குரிய ஸ்போர்ட்ஸ் கார் ஷெவர்லே கார்வெட். 1997 முதல் 2004 வரை செய்த கார்வெட் கார்களில் இந்த மின்சார ஸ்டியரிங் பூட்டு தொந்தரவு கொடுத்தது. ஸ்டியரிங் விடுபடாமலே வண்டி நகர்ந்துவிடக்கூடும் என்ற அபாயத்துக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 2004-ம் ஆண்டில் சுமார் 1,27,000 கார்களைத் திரும்ப அழைத்தது. கியர் தானாக மாறும் கார்களுக்கு அவர்கள் கண்ட மருந்து என்ன தெரியுமா? பூட்டையே வேலை செய்யாமல் நிறுத்திவிட்டார்கள்! கம்பெனி செய்தால் அதற்குப் பெயர் சிகிச்சை. அதையே பொம்மையார்பாளையத்து மெக்கானிக் செய்தால் அதற்குப் பெயர் அத்துமீறல்.

மூன்றாவது வாதம்தான் கனமானது: "ஸ்டியரிங் உயிர் சம்பந்தப்பட்டது. கண்டவன் கை வைத்தால் ஆபத்து." ஒப்புக்கொள்கிறேன். ஓடுகிற வண்டியில் தாழ்ப்பாள் விழுந்தால் மனிதன் பிழைப்பது அபூர்வம். அதனால்தான் ஒழுங்கான அமைப்பில், வண்டி ஓடும்போது அந்தச் சின்ன மோட்டாருக்கு மின்சாரமே போகாதபடி செய்திருப்பார்கள். வாசகர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுச் சுத்தியலோடு காரில் ஏறவேண்டாம். ஒரு காருக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஆனால் உயிரைக் காப்பதற்கு வழி, வேலை தெரிந்தவனுக்கு விவரத்தைக் கொடுப்பதா, மறைப்பதா?

மறைத்ததால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஜெனரல் மோட்டார்ஸ் சாட்சி. அவர்களுடைய கோபால்ட் முதலான சிறு கார்களில் சாவி ஸ்விட்சு தளர்ச்சியாக இருந்தது. சாவிக்கொத்தின் பாரத்தாலோ ஒரு குலுக்கலிலோ சாவி தானே திரும்பிவிடும், ஓடுகிற எஞ்சின் நிற்கும், ஸ்டியரிங் கனத்துப்போகும், மோதும்போது விரியவேண்டிய காற்றுப் பை விரியாது. பொறியாளர்களுக்குப் பல வருஷங்களாகத் தெரிந்திருந்த குறை இது. ஸ்விட்சைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள். ஆனால் அதன் பாக எண்ணை மாற்றவில்லை. ஆகவே வெளியிலிருந்து தேடியவர்களுக்குத் தடயம் கிடைக்கவில்லை. 2014-ம் ஆண்டில்தான் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்தக் குறையினால் இறந்தவர்கள் என்று நஷ்ட ஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட கணக்கு மட்டும் 124. விவரம் கம்பெனிக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. உயிர் மட்டும் வெளியே போய்விட்டது. 'கண்டவன் கை' செய்த கொலையா இது?

நம் நாட்டுக்கு வருவோம். இந்த அநியாயத்தை இங்கே யாரும் தட்டிக் கேட்கவில்லை என்று நினைக்கவேண்டாம். 2011-ம் ஆண்டில் ஒரு தனி மனிதர், கார்க் கம்பெனிகள் உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி ஒர்க்ஷாப்புகளுக்குக் கொடுக்க மறுக்கின்றன என்று இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் செய்தார். ஆணையம் விசாரித்து 25-8-2014 அன்று தீர்ப்புச் சொல்லியது. பதினான்கு கம்பெனிகள் குற்றம் செய்திருப்பதாகக் கண்டு, மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பாகங்களையும் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்யவேண்டும் என்றும் உத்தரவிட்டது. அபராதத் தொகை எவ்வளவு என்ற வழக்கு அப்புறம் மேலே மேலே போயிற்று. வழக்குப் போன இடத்துக்குக் கருவியும் போய்விட்டது போலிருக்கிறது. பொம்மையார்பாளையத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

1-4-2021 முதல் மத்திய சர்க்கார் ஒரு விதியை அமலுக்குக் கொண்டுவந்தது. குறையுள்ள வாகனத்தைப் பற்றிப் போதிய புகார்கள் சேர்ந்தால், அதைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனியைக் கட்டாயப்படுத்தலாம். ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. நல்ல விதி. ஆனால் அது ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். சின்ன மோட்டாரும் கடுகு ஸ்விட்சும் தேய்ந்து மக்கர் செய்யத் தொடங்குவது எப்போது? வண்டி கிழடு தட்டிய பிறகு, இரண்டாவது மூன்றாவது கைக்கு மாறிய பிறகு. யாருக்குச் செலவு செய்யச் சக்தி குறைவோ, அவன் கைக்கு வரும்போது சட்டமும் கைவிட்டுவிடுகிறது. 2022-ம் ஆண்டில் 'ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமை'க்காக நுகர்வோர் துறை ஒரு கமிட்டி போட்டது. கார்களும் அதன் பட்டியலில் இருந்தன. ஒரு வலைத்தளமும் திறந்தார்கள். உரிமையைப் பற்றி விவரம் சொல்வது நல்ல காரியந்தான். ஆனால் விவரத்தைப் படித்துக்கொண்டு பூட்டைத் திறக்கமுடியாது.

நான் கேட்பது அதிகம் அல்ல. எஞ்சினைத் தடுக்கும் ஏற்பாடு உள்ள வண்டியில், மின்சார ஸ்டியரிங் பூட்டை வைப்பதும் விடுவதும் உடைமைக்காரன் இஷ்டமாக இருக்கட்டும். பூட்டு கெட்டுப்போனால், அசல் சாவி வைத்திருப்பவன் கையாலேயே திறந்துகொள்ள ஒரு வழி வண்டியில் இருக்கட்டும். புதுப் பூட்டை அறிமுகம் செய்யும் கருவியும் அதன் விவரமும், பதிவு செய்துகொண்ட எந்த மெக்கானிக்குக்கும் நியாயமான விலைக்குக் கிடைக்கட்டும். யாரிடம் கொடுத்தோம் என்று பெயரும் முகவரியும் எழுதிவைத்துக்கொள்ளட்டும். திருடனுக்குப் போய்விடும் என்ற பயம் அதோடு தீர்ந்தது.

இவை சட்டமாகும் வரையில் வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கார் வாங்கக் கடைக்குப் போகும்போது நிறத்தையும் மைலேஜையும் விசாரித்த பிறகு, "ஐயா, இந்த ஸ்டியரிங் பூட்டு பத்து வருஷம் கழித்துத் திறக்காமல் போனால், எங்கள் ஊர் மெக்கானிக்கால் சரிசெய்ய முடியுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். விற்கிறவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். அவர் மேலதிகாரியைக் கேட்பார். மேலதிகாரி அவருக்கு மேலே கேட்பார். நூறு பேர் கேட்டால் கேள்வி ஒருநாள் அந்தப் பூட்டை வரைகிறவனின் மேஜைக்குப் போய்ச் சேரும். அவன் அன்றைக்காவது, சாவியைப் பணம் கொடுத்து வாங்கினவன் ஒருவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வரையட்டும்.